டிசைனரிடம் முதலில் சொல்ல வேண்டியது நம் வீட்டுப் பழக்கங்களை

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் நாங்கள் வாங்கியது எண்பதுகளில் கட்டிய நாலறை மறுவிற்பனை வீடு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். கூடவே மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். அந்தக் காலத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு என்பதால் இடம் தாராளம், காற்றும் வெளிச்சமும் நன்றாக வரும். ஆனால் குளியலறைகள் இரண்டும் பழசு, வயரிங் பழசு, சமையலறை அலமாரிகள் ஈரத்தில் உப்பிப் போயிருந்தன. பெயின்ட் அடித்துக் குடிபோகக்கூடிய வீடு இல்லை. உள்ளே பெரும்பகுதியைப் பெயர்த்து மறுபடி செய்ய வேண்டியிருந்தது. ஒரு இன்டீரியர் டிசைனரை வைத்துச் செய்தோம். வேலை நல்லபடியாக முடிந்தது. இப்போது வீடு வாங்கும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் எப்படிச் செய்தீர்கள், எவ்வளவு ஆகும், யாரை நம்புவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிசைனர் வேண்டுமா, காண்ட்ராக்டர் போதாதா என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வி. தரை மாற்றுவது, பெயின்ட், ஒரு சமையலறை அலமாரி என்ற அளவில் வேலை இருந்தால் நல்ல காண்ட்ராக்டர் போதும் என்பதே என் கருத்து. என்ன வேண்டும் என்பது உங்களுக்கே தெளிவாகத் தெரியும், அவர் செய்து கொடுத்துவிடுவார். எங்களுக்கோ குளியலறை, வயரிங், சுவர், தச்சு வேலை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எது முதலில் நடக்க வேண்டும், எது முடிந்தபின் எதற்கு அளவெடுக்க வேண்டும் என்று தினமும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் இருவராலும் அதற்கு நேரம் ஒதுக்க முடியாது. டிசைனருக்குக் கொடுக்கிற பணம் அழகுக்காக மட்டும் கொடுப்பதில்லை. பாதிக்கு மேல் இந்த ஒருங்கிணைப்புக்குத்தான். பெரும்பாலான நிறுவனங்கள் வரைபடத்துக்கென்று தனிக் கட்டணம் கேட்பதில்லை. வேலைக்கான விலையிலேயே அது கலந்திருக்கும். அதனால் அதே வேலைக்குக் காண்ட்ராக்டர் விலையைவிட டிசைனர் விலை கூடுதலாக இருந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். அந்தக் கூடுதலுக்கு அவர் என்ன செய்து தருவார் என்று கேளுங்கள்.

வீவக வீட்டில் ரெனவேஷன் செய்ய வீவகவின் பட்டியலில் பதிவான காண்ட்ராக்டருக்கு மட்டுமே அனுமதி உண்டு. எனவே நீங்கள் பேசும் டிசைன் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, இல்லையென்றால் யாருடைய பெயரில் அனுமதி எடுப்பார்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும். வீவகவின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். ஜன்னல் மாற்றுவதானால் அதற்குக் கட்டட, கட்டுமான ஆணையம் அங்கீகரித்த ஆட்கள் தனி. அப்புறம் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் தரும் கேஸ்டிரஸ்ட் முத்திரை. அந்தச் சங்கத்துக்கு வரும் புகார்களில் ரெனவேஷன் தொடர்பானவை எப்போதும் முன்வரிசையில் இருப்பவை. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்ட கதைகள் நம் எல்லாருக்கும் தெரியும். இந்த முத்திரை பெற்ற ரெனவேஷன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் முன்பணத்துக்கு உத்தரவாதப் பத்திரம் எடுத்திருக்க வேண்டும். வேலை முடிவதற்குள் நிறுவனம் மூடப்பட்டால் அந்த முன்பணத்தை மீட்க ஒரு வழி இருக்கும். நாங்கள் இந்த முத்திரை உள்ளவர்களை மட்டுமே பார்த்தோம். பேசிய நிறுவனங்களில் ஒன்று, அன்றைக்கே முன்பணம் கட்டினால்தான் இந்த விலை, மறுநாள் வந்தால் கிடையாது என்று வற்புறுத்தியது. வீட்டைக்கூட இன்னும் வந்து பார்க்கவில்லை. அளவெடுக்காத வீட்டுக்கு எப்படி விலை சொல்ல முடியும்? எழுந்து வந்துவிட்டோம். நீங்களும் எழுந்து வந்துவிடுங்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்தவர் ஒரு இளம் சீனப் பெண். அவருடைய வேலைகளில் எனக்குப் பிடித்தது, வரைபடம் காட்டுவதற்கு முன் அவர் கேட்ட கேள்விகள்தான். வழக்கமாக டிசைனர்கள் எந்த ஸ்டைல் பிடிக்கும் என்று ஆரம்பிப்பார்கள். ஸ்கேண்டினேவியன், ஜப்பாண்டி, இண்டஸ்ட்ரியல் என்று படங்கள் வரும். நாமும் கைபேசியில் சேர்த்து வைத்த படங்களைக் காட்டுவோம். அந்தப் படங்களில் இருக்கும் வீடுகளில் யாரும் மீன் பொரிப்பதில்லை, மாவு அரைப்பதில்லை, சாமி கும்பிடுவதில்லை. நானும் மாமியாரும் உட்கார்ந்து எங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எழுதினோம். காலையில் யார் முதலில் எழுகிறார், எந்த விளக்கைப் போடுகிறார், எங்கே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார், பிள்ளைகள் பள்ளிப்பையை எங்கே வீசுகிறார்கள், துணி எங்கே காய்கிறது, இரவில் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை எங்கே மாட்டுகிறோம். அதோடு ஆண்டில் நடப்பவை: தீபாவளிக்கு எத்தனை பேர் வருவார்கள், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் எவ்வளவு நாள் தங்குவார்கள், எங்கே படுப்பார்கள். அந்தத் தாள்களைத்தான் டிசைனரிடம் கொடுத்தோம். எங்கள் வேலையில் எனக்கு மிகவும் உருப்படியாகப் பட்டது இதுதான். நம் சமையலும் வழிபாடும் தெரியாத ஒருவர் நம் வீட்டை வரைகிறார். அவர் ஊகித்துத்தான் வரைவார். ஊகிக்க விடாமல் நாமே சொல்லிவிடுவது நம் பொறுப்பு.

சாமி அறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் வரைபடத்தில் அது டிவி அலமாரிக்குள் ஒரு மாடமாக இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பின்னால் மஞ்சள் விளக்கு எல்லாம் போட்டு. மாமியார் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் டிசைனருக்கு விளக்கினேன். இங்கே எரிவது அலங்கார விளக்கு இல்லை, நிஜமான தீ. தினமும் இரண்டு வேளை எண்ணெய் விளக்கு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கற்பூரம். எண்ணெய் சொட்டும், கரி படியும், பூ வாடிக் குப்பை சேரும், நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட இடம் வேண்டும். சாமி கிழக்குப் பார்க்க வேண்டும், பின்சுவர் குளியலறைச் சுவராக இருக்கக் கூடாது. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், நிறைய கேள்வி கேட்டார். அடுத்த வரைபடத்தில் சாமான் அறை சாமி அறையாகிவிட்டது. விளக்கு வைக்கும் இடத்துக்கு மேல் மரப்பலகையே வராதபடி திறந்து விட்டிருந்தார். பின்சுவருக்கு லேமினேட் வேண்டாம், தீயும் கரியும் தாங்கும், துடைத்தால் போகும் என்று டைல். அடியில் இழுக்கும் தட்டு ஒன்று, விளக்குத் துடைக்கவும் திரி போடவும். எண்ணெய், கற்பூரம், ஊதுபத்திக்கு விளக்கிலிருந்து தள்ளி ஓர் இழுப்பறை. புகை வெளியே போகச் சிறிய மின்விசிறி. அதைப் பார்த்ததும் மாமியார் கேட்ட ஒரே கேள்வி, "மணி மாட்ட ஒரு கொக்கி வைப்பாளா?" என்பதுதான். வைத்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். பிளைவுட்டும் லேமினேட்டும் நெருப்புக்கு அருகில் இருக்க வேண்டியவை அல்ல. மாடம் வேண்டும் என்று சொன்னால் எந்த டிசைனரும் அழகான மாடம் வரைந்து கொடுப்பார். அதில் தீ எரியப்போகிறது என்று நாம் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது.

சமையலறைக்கு வருவோம். திறந்த சமையலறை இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. சுவரை எடுத்தால் கூடம் பெரிதாகத் தெரியும். ஆனால் எந்தச் சுவரை எடுக்கலாம் என்பது நம் விருப்பம் இல்லை. தூண், உத்தரம், பாரம் தாங்கும் சுவர் எதையும் தொடக் கூடாது, மற்றச் சுவர்களை இடிக்கவும் வீவகவின் அனுமதி வேண்டும். எங்கள் சுவரை எடுக்க முடியும் என்று தெரிந்தும் நாங்கள் முழுவதும் எடுக்கவில்லை. கடுகு வெடிக்கிற, மிளகாய் வறுக்கிற வீட்டில் கதவு வேண்டும். டிசைனர் மேல்பாதிக்குக் கண்ணாடி வைத்து, சறுக்கும் கதவு போட்டார். வெளிச்சமும் வருகிறது, புகையும் நிற்கிறது. அடுப்புக்கு மேல் வைக்கும் ஹூட் விஷயத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: புகையைக் குழாய் வழியாக வெளியே விடுமா, கரி வடிகட்டி வழியாக உள்ளேயே சுற்றவிடுமா? இரண்டாவது வகை வாசனையைத்தான் கொஞ்சம் குறைக்கும். சூட்டையும் ஆவியையும் வெளியேற்றாது, வடிகட்டியையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். நம் சமையலுக்கு முடிந்தால் வெளியே விடுவதுதான் சரி. குழாய் போகும் வழியைத் தச்சு வேலைக்கு அளவெடுக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு என்றால் மேல் அலமாரியை அறுக்கச் சொல்வார்கள்.

மேடைக்கு எந்தக் கல் என்பதில் நாங்கள் நிறைய நேரம் செலவழித்தோம். குவார்ட்ஸ் என்று விற்பது கல் தூளையும் ரெசினையும் கலந்து அழுத்திச் செய்வது. ரெசின் இருப்பதால் கொதிக்கும் குக்கரையோ வாணலியையோ அப்படியே இறக்கி வைத்தால் நிறம் மாறலாம், விரிசல் விடலாம். சின்டர்டு ஸ்டோன் அதிக வெப்பத்தில் சுட்டெடுத்தது, ரெசின் கிடையாது, சூடு தாங்கும். ஆனால் கனமான பாத்திரம் ஓரத்தில் இடித்தால் சில்லு பெயரும், விலையும் அதிகம். கடையில் எல்லாம் வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கும். நாங்கள் மாதிரித் துண்டுகளை வாங்கி வந்து, மஞ்சள் தூளை எண்ணெயில் குழைத்துத் தடவி இரவு முழுவதும் விட்டோம். காலையில் எது சுத்தமாக வந்ததோ அதைத் தேர்ந்தெடுத்தோம். வெள்ளையை விட்டுவிட்டுச் சாம்பல் கலந்த நிறத்துக்குப் போனதும் அந்தச் சோதனைக்குப் பிறகுதான். அலமாரிக் கதவுக்கு எடுக்கும் லேமினேட், டைல் இடுக்கில் பூசும் கிரவுட் இரண்டையும்கூட இதே மாதிரி சோதித்துப் பாருங்கள். மாதிரி கேட்டால் கொடுப்பார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

கிரைண்டர், மிக்ஸி, இட்லிப் பானை, பெரிய குக்கர், அரிசி மூட்டை, முறுக்குப் பிழிகிற உழக்கு வரைக்கும் எல்லாவற்றையும் அளந்து கொடுத்தேன். கிரைண்டரைத் தினமும் தூக்கி உள்ளே வைக்க முடியாது. அதற்கென்று மேடையில் ஓர் ஓரம், வழக்கமான உயரத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாக, பக்கத்தில் குழாய், பின்னால் மின் இணைப்பு. மாமியார் குட்டை. நின்றபடி மாவு வழிக்க அந்தத் தாழ்வு தேவைப்பட்டது. அரிசி வைக்கும் இழுப்பறைக்கு அதன் தண்டவாளம் எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டு வாங்கினோம். இதெல்லாம் சின்ன விஷயம்போலத் தோன்றும். தினமும் கை வைக்கும் இடங்கள் இவைதான்.

படுக்கையறை அலமாரியில் முதல் வரைபடம் முழுவதும் துணி தொங்கவிடும் கம்பிகளாக இருந்தன. புடவை மடித்து வைப்பது. அதற்குக் கம்பி வேண்டாம், நெருக்கமான தட்டுகள் வேண்டும். பட்டுப் புடவைக்கு மேல் தட்டு, வேட்டிக்கு ஒரு தட்டு என்று மாற்றினோம். அதே அகலத்தில் இரண்டு மடங்கு துணி வைக்க முடிந்தது. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கான மெத்தை, தலையணை எல்லாம் பிள்ளைகள் அறையில் கட்டிலுக்கு அடியில் போயின.

மாமியாருக்கான குளியலறை தனியாகச் சொல்ல வேண்டியது. வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூரர் இருந்தால், ஈஸ் என்ற திட்டத்தின் கீழ் கைப்பிடிகள், தரை வழுக்காமல் இருக்கச் செய்யும் பூச்சு, சிறு சரிவுப் பாதை போன்றவற்றை மிகுந்த மானியத்தோடு வீவக செய்து தருகிறது. இதை டிசைனர்கள் தாமாக எப்போதும் சொல்வதில்லை. கைப்பிடி எங்கே வரும் என்பதை டைல் ஒட்டும் முன்பே யோசித்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் கண்ணாடித் தடுப்போ அலமாரியோ வந்துவிடும். நாங்கள் மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து, எழும்போது கை எங்கே போகிறது என்று பார்த்துச் சுவரில் பென்சிலால் குறித்தோம். வாசலில் படி உயரத்தைக் குறைத்தோம், இரவு விளக்கு ஒன்று வைத்தோம்.

இதுவரை நாங்கள் சொன்னதை மட்டும் எழுதினேன். டிசைனர் சொல்லி நாங்கள் கேட்டுக்கொண்டவையும் உண்டு. கூடம் முழுவதும் ஃபால்ஸ் சீலிங் போட வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. வீவக வீட்டில் உயரமே அவ்வளவுதான், அதைக் குறைத்து மின்விசிறியும் மாட்டினால் தலைக்கு மேல் நெருக்கமாக இருக்கும் என்று சொல்லி, ஓரத்தில் மட்டும் பெட்டி மாதிரி செய்து விளக்கு மறைத்தார். நாங்கள் ஆசைப்பட்ட பளபள டைல் ஈரத்தில் வழுக்கும் என்று மாற்றச் சொன்னதும் அவர்தான். நன்றாகத் தெரிந்தவர் ஒரு காரணத்தோடு வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். காரணம் இல்லாமல் எல்லாவற்றுக்கும் சரி சரி என்கிறவரிடம்தான் எனக்குப் பயம்.

இனிப் பணம். விலைப்பட்டியலை வரிவரியாகப் படிக்க வேண்டும். சமையலறை அலமாரி இவ்வளவு என்று ஒரே தொகை போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்து விவரம் கேளுங்கள். எத்தனை அடி நீளம், எவ்வளவு உயரம், கூரைவரை போகுமா, உள்பக்கம் என்ன பொருள், கீல் எந்த பிராண்ட், மெதுவாக மூடும் வகையா. மின்சாரத்தில் எத்தனை பிளக் பாயின்ட், எத்தனை விளக்குப் பாயின்ட், ஒவ்வொன்றுக்கும் கூடுதலாகக் கேட்டால் என்ன விலை. டைல் விலையில் சதுர அடிக்கு எவ்வளவு வரை சேர்ந்திருக்கிறது. இடிபாடுகளை அகற்றுவது, அனுமதிக் கட்டணம், தரைக்குப் பாதுகாப்பு விரிப்பு, கடைசியில் கழுவித் துடைப்பது எல்லாம் சேர்த்தியா. பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. மொத்தத் தொகையில் அது உண்டா இல்லையா என்பது ஆயிரக்கணக்கான வெள்ளி வித்தியாசம். இரண்டு நிறுவனங்களின் மொத்தத் தொகையை ஒப்பிடுவதில் பயனே இல்லை. வரிவரியாக ஒப்பிட்டால்தான் மலிவு என்று தோன்றியது எதையெல்லாம் விட்டுவிட்டது என்று தெரியும்.

வங்கியில் ரெனவேஷன் கடன் எடுக்க நினைப்பவர்கள், அது அதிகபட்சம் 30,000 வெள்ளி அல்லது மாத வருமானத்தைப் போல ஆறு மடங்கு, இவற்றில் எது குறைவோ அது என்பதை நினைவில் வையுங்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டி முடிக்க வேண்டும். சோபாவும் ஃப்ரிட்ஜும் அதில் வராது.

பணத்தைத் தேதி வைத்துக் கொடுக்காமல், முடிந்த வேலையை வைத்துக் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னோம். கையெழுத்தின்போது ஒரு சிறு பங்கு, இடித்து வயரிங் முடிந்ததும் ஒரு பங்கு, டைல் முடிந்ததும் ஒரு பங்கு, தச்சு வேலை வந்து பொருத்தியதும் ஒரு பங்கு. கடைசிப் பங்கைக் குறைகள் எல்லாம் சரிசெய்த பிறகுதான் தருவோம் என்று வைத்துக்கொண்டோம். நல்ல நிறுவனம் இதற்கு முகம் சுளிக்காது. நடுவில் ஏதாவது மாற்றம் வந்தால், வேலை தொடங்கும் முன்பே அதன் விலையை எழுத்தில் வாங்கினோம். தளத்தில் நின்று பேசியதை அன்று இரவே மின்னஞ்சலில் எழுதி, சரிதானா என்று கேட்டுவிடுவேன். அந்தப் பெண்ணும் அதை விரும்பினார், ஏனென்றால் தச்சரிடம் காட்ட அவருக்கும் அது உதவியது. தகராறு என்று வந்தால் சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை, வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கேயும் கேட்பது எழுத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

காலக்கணக்கில் நம் வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. புதுமனை புகுவிழாவைத் தை மாதத்தில் வைக்க ஆசைப்படுவோம். தை என்பது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. சீனப் புத்தாண்டும் பெரும்பாலும் அதற்குள்தான் வரும். அதற்கு முந்தைய வாரங்களில் சிங்கப்பூரில் பாதிப் பேர் வீட்டைப் புத்தாண்டுக்குள் முடிக்கச் சொல்லி நெருக்குவார்கள், புத்தாண்டு வந்ததும் தச்சுப் பட்டறைகள் மூடிவிடும். நம்முடைய அலமாரிகளில் பெரும்பகுதி மலேசியாவின் ஜொகூரில் செய்து இங்கே வந்து பொருத்தப்படுபவை. பட்டறை மூடினால் இங்கே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நாங்கள் ஆவணியில் விழா என்று முடிவு செய்து, பின்னோக்கிக் கணக்கிட்டோம். ஆடியில் நாம் எதுவும் தொடங்க மாட்டோம், ஆனால் நடக்கிற வேலை நடக்கலாம். டிசைனரிடம் சொன்னபோது, சீனர்களின் ஏழாம் மாதத்தில் அவர்கள் வீட்டிலும் வீடு மாற மாட்டார்கள், ரெனவேஷன் தொடங்க மாட்டார்கள் என்றார். அதனால் எங்கள் காரணம் அவருக்கு உடனே புரிந்தது. தேதி குறித்தவர்கள் அதை முதல் நாளே டிசைனரிடம் சொல்லிவிட வேண்டும். அவசரமாகப் பால் காய்ச்ச வேண்டும் என்றால் சாவி வாங்கிய கையோடு, இடிக்கும் முன்பே, ஒரு கையடக்க அடுப்பில் காய்ச்சிவிடுங்கள். விருந்தை வீடு முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம்.

இடிப்பது, துளையிடுவது போன்ற சத்தமான வேலைக்கு வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனிக்கிழமை கூடாது. ஞாயிறும் பொது விடுமுறையும் எந்த ரெனவேஷனும் கூடாது. அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே நாங்களே போய்ச் சொன்னோம். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருந்தது. இடிக்கும் நாட்கள் எவை என்று சொன்னதும் அவர்கள் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கீழ்வீட்டை நினைத்தால் வாட்டர்புரூஃபிங் நினைவுக்கு வருகிறது. பழைய குளியலறைத் தரையைப் பெயர்த்தால் நீர்க்காப்புப் பூச்சைப் புதிதாகப் போட்டாக வேண்டும், சுவரிலும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். பூசிக் காய்ந்ததும் தண்ணீர் தேக்கி ஒரு நாள் முழுவதும் விட்டுப் பார்க்க வேண்டும். டைல் ஒட்டும் முன்பே இது நடக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், படமெடுத்து வையுங்கள். கசிந்தால் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே பொறுப்பு. வீவகவின் உதவித் திட்டத்தில் பழுதுச் செலவில் பாதியை அது ஏற்கும், மீதியை இரு வீட்டாரும் சமமாகப் பகிர்வார்கள். பணத்தைவிட, புதிதாகப் போட்ட டைலை மறுபடி பெயர்ப்பது இருக்கிறதே, அது பெரிய வேதனை. வீவக முன்பதிவு வாங்கிக் கட்டித் தரும் புது பிடிஓ வீட்டில் இந்தக் கவலையே வேண்டாம், முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரை, சுவர் டைல்களைப் பெயர்க்கவே அனுமதி இல்லை.

டைல் வேலை பார்த்தவர் திருவாரூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர். மாலையில் நான் போய்ப் பார்க்கும்போது தமிழில் பேசுவார். ஒருநாள், "அக்கா, இந்த மூலையில தண்ணி நிக்கும், சாய்வு பத்தாது. நீங்க டிசைனர் கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். குழாய் இருக்கும் இடத்திலிருந்து வடிகாலுக்கு அவர் மட்டம் வைத்துக் காட்டினார். அவர் சொன்னது சரி. அன்றே டிசைனரிடம் சொன்னேன், மறுநாள் வந்து பார்த்து மாற்றினார்கள். நமக்கு மொழி தெரியும் என்பது பெரிய வசதி. ஆனால் நான் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன்: அவர்கள் சொல்வதைக் கேட்பேன், கட்டளை மட்டும் டிசைனர் வழியாகத்தான் போகும். நாமே தம்பியிடம் இதை இப்படி மாற்றிவிடு என்று சொல்லிவிட்டால், பின்னால் அது தவறு என்று வரும்போது பழி அந்தத் தம்பி தலையில் விழும். வெயிலில் மூட்டை தூக்கி வந்து, புழுதியில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவர்கள் அவர்கள். ஒரு டீயும் குடிக்கத் தண்ணீரும் கழிப்பறைக்கு ஒரு வழியும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டியவை.

வயரிங் தொடங்கும் முன் டிசைனரோடும் எலக்ட்ரீஷியனோடும் வீடு முழுவதும் நடந்து, ஒவ்வொரு சுவிட்சுக்கும் பிளக்குக்கும் சுவரில் டேப் ஒட்டினோம். கட்டிலில் படுத்தால் கை எட்டுமா, கதவு திறந்தால் சுவிட்ச் மறையுமா என்று செய்து பார்த்தோம். பழைய வீடுகள் சிலவற்றில் மெயின் சுவிட்ச் 30 ஆம்பியர்தான் இருக்கும். ஏர்கான், ஓவன், ஹீட்டர் எல்லாம் வைப்பதானால் அதை 40 ஆக உயர்த்த வேண்டியிருக்கும், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய முடியும். இதையும் விலைப்பட்டியலில் பாருங்கள். விளக்குகளை பாலஸ்டியர் ரோட்டில் நாங்களே வாங்கினோம், குழாய், வாஷ் பேசினை ஜாலான் புசார் கடைகளில் பார்த்தோம். கையில் தொட்டுப் பார்த்து வாங்குவதில் ஒரு திருப்தி இருக்கிறது. ஆனால் நாம் வாங்கிய பொருளுக்கு உத்தரவாதம் நம்முடையது, பொருத்தும் கூலி தனி.

கடைசிப் பங்கைக் கொடுக்கும் முன் வீட்டை பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, விளக்குப் போட்டு ஒருமுறை சுற்றினோம். எல்லாக் கதவுகளையும் திறந்து மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து விட்டு, டைலைத் தட்டிப் பார்த்து வெற்றொலி வருகிறதா என்று கேட்டு, குறைகளை அறை வாரியாக எழுதி, நீல டேப் ஒட்டினோம். பட்டியல் நீளம்தான். டிசைனர் ஒவ்வொன்றாக முடித்துக் கொடுத்தார். அப்புறம் அவரிடமிருந்து சில தாள்களைக் கேட்டு வாங்கி ஒரு கோப்பில் வைத்திருக்கிறோம்: வயர் சுவருக்குள் போகும் வழி, தண்ணீர்க் குழாய் போகும் வழி, லேமினேட் எண்கள், பெயின்ட் எண்கள், கீல் மாடல், ஏர்கான் உத்தரவாதம். மிச்சமான டைலில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதே டைலை நாலு வருஷம் கழித்துக் கடையில் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் நிறம் சேராது.